கதவுக்குள் ஒரு கை

போன வெள்ளிக்கிழமை காலை, என் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு கார் கண்ணாடி இருந்தது. அதற்கு நேர் கீழே, கதவின் இரும்புக் கூட்டுக்குள், மணிக்கட்டு வரை நுழைந்து மாட்டிக்கொண்டிருந்தது மெக்கானிக் பாஸ்கரின் வலது கை. நான் விட்டால் கண்ணாடி அந்தக் கை மேல் விழும்.

அந்த நேரத்தில்தான் என் மச்சான் வாட்சைப் பார்த்தார்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது பழைய கார். காவிரிப் பாலத்தில் ஏறியதும் என் மனைவி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி ஆற்றைக் கும்பிடுவாள். தண்ணீர் ஓடினாலும் சரி, வெறும் மணல் தெரிந்தாலும் சரி. ஏசி ஓடுகிறதே, கண்ணாடி வழியாகவே கும்பிட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். “மூஞ்சில கதவைச் சாத்திக்கிட்டா கும்பிடுவாங்க?” என்றாள். அதற்குப் பிறகு கேட்பதில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்பு அப்படி இறக்கிய கண்ணாடி பாதியில் ஆடியது. உள்ளே ஏதோ நொறுங்குவது போல ஒரு சத்தம். அப்படியே கதவுக்குள் விழுந்துவிட்டது. சுவிட்சை எப்படித் தட்டினாலும் மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றியது... கண்ணாடி வரவில்லை.

பவர் விண்டோ ரெகுலேட்டர் போய்விட்டது என்றார் பாஸ்கர். தஞ்சாவூர் ரோட்டில், பால்பண்ணைக்குக் கொஞ்சம் தள்ளி ஷெட் வைத்திருப்பவர். கண்ணாடியின் அடியைத் தாங்க ஒரு தாங்கி, அதை மேலும் கீழும் இழுக்க ஒரு மெல்லிய கம்பிக் கயிறு, கயிற்றைச் சுற்ற ஒரு மோட்டார் — ரெகுலேட்டர் என்பது இவ்வளவுதான். எங்கள் கயிறு பிய்ந்து, துடைப்பம் போல விரிந்து கிடந்தது. இந்த மாடலுக்குத் திருச்சியில் பார்ட்ஸ் கிடைக்கவில்லை. மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வர வேண்டும். அதுவரை கண்ணாடியை மேலே தூக்கி, கதவுக்குள் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து அனுப்பினார்.

பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கென்று ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த மச்சானும் என்னோடு ஷெட்டுக்குக் கிளம்பினார். என் மனைவியின் அண்ணன். கிளம்பும்போதே அவள் சொல்லிவிட்டாள்: “வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஒரு தடவை ஏத்திப் பாத்துருங்க. புதுப் பொருள்... கெட்ட நேரத்துல ஆரம்பிக்க வேணாம்.”

அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். மச்சானின் கையில் எப்போதும் ஒரு வாட்ச் உண்டு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார், கிண்டலும் செய்வீர்கள். நாங்கள் மச்சானைக் கிண்டல் செய்வதில்லை. அவர் மனைவிக்கு மூச்சுத் திணறல் வந்த அன்று, ஆம்புலன்ஸ் வீட்டு வாசலிலிருந்து கிளம்பியது ராகு காலத்தில். அந்த அம்மா திரும்பி வரவில்லை. டாக்டர் சொன்ன காரணம் வேறு. மச்சான் மனதில் நின்றது அந்த நேரம்.

ஷெட்டில் பாஸ்கர் இடதுபக்க முன் கதவின் உள் அட்டையைக் கழற்றினார். திருகுகள், பிளாஸ்டிக் கிளிப்புகள், அதற்குப் பின்னால் ஒட்டியிருந்த பாலிதீன் தாள். தாளுக்குப் பின்னால் கதவு வெறும் தகரக் கூடு. அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. இத்தனை வருடம் முழங்கையை வைத்துக்கொண்டு போன கதவு... உள்ளே இப்படியா இருக்கும்?

வழக்கமாகக் கண்ணாடியை மேலே தூக்கி டேப் போட்டு நிறுத்துவார்கள். எங்கள் கண்ணாடியில் படிந்திருந்த தூசிக்கும் எண்ணெய்க்கும் டேப் ஒட்டவில்லை.

“சார், கொஞ்சம் புடிச்சுக்கங்க. விட்டுராதீங்க, கை உள்ள இருக்கும்.”

பிடித்துக்கொண்டேன். பாஸ்கர் பழைய ரெகுலேட்டரை வெளியே இழுத்துப் போட்டு, புதியதை உள்ளே நுழைத்து முடுக்கினார். மோட்டார் ஒயரைச் செருகினார். தாங்கியைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்தால்தான் கண்ணாடியை அதில் பூட்ட முடியும். அதற்கு யாராவது சுவிட்ச் போட வேண்டும்.

மச்சான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

“சார், சுவிட்சை லேசாத் தூக்குங்க... போதும். இன்னும் ஒரு தட்டு... போதும் போதும்.”

“தம்பி, பத்தரை ஆகப் போவுது.”

“நீங்க நேரத்தைப் பாருங்க சார், நான் நட்டைப் பாக்குறேன்.”

சிரித்தோம். நானும் சிரித்தேன். பாஸ்கர் கையை ஓட்டைக்குள் விட்டு நட்டைத் தடவிக்கொண்டிருந்தார். மச்சான் சிரித்துக்கொண்டே வாட்சைப் பார்த்ததை நான் பார்த்தேன். சிரிப்பு நின்றதையும் பார்த்தேன். அவர் விரல் சுவிட்சுக்குப் போனது.

நல்ல நேரம் முடிவதற்குள் ஒரே ஒரு முறை... மேல்நோக்கி.

மோட்டார் உறுமியது. பாஸ்கர் கத்தவில்லை. “ஹக்” என்று ஒரு சத்தம்தான் வந்தது. மச்சான் சுவிட்சை விட்டுவிட்டார், மோட்டாரும் நின்றுவிட்டது. ஆனால் மேலே ஏறிய தாங்கி ஏறிய இடத்திலேயே நின்றது — தாங்கிக்கும் அந்தக் கத்தி விளிம்புக்கும் நடுவில் பாஸ்கரின் விரல்களைக் கவ்விக்கொண்டு.

இந்த மோட்டாரைக் கையால் தள்ளிப் பின்னால் நகர்த்த முடியாது. கரண்ட்டில் வந்தது, கரண்ட்டில்தான் போகும்.

“யாரும் எதையும் தொடாதீங்க” என்றார் பாஸ்கர். நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக எழும்பியது. முகம் சாம்பல் நிறம். பிறகு மெதுவாகச் சொன்னார்: “சார்... கீழ எறக்குங்க. மேல போனா வெரல் போயிரும்.”

என்னால் அசைய முடியாது. என் உள்ளங்கைகளும் வேர்த்திருந்தன. கண்ணாடி ஒரு நூல் கீழே வழுக்கியதை உணர்ந்தேன். ஷெட்டில் வேறு யாரும் இல்லை. ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? சுவிட்சுக்கு எட்டுகிற கை ஒன்றுதான் இருந்தது.

“மாப்ள... தூக்கினா மேலயா, அமுக்கினா மேலயா?”

“இப்பத்தான தூக்குனீங்க மச்சான். அமுக்குங்க.”

கதவில் நான்கு சுவிட்ச். அவர் விரல் ஒன்றின் மேல் போனது, அடுத்ததற்கு மாறியது, முதலாவதற்கே திரும்பியது. சரியான சுவிட்ச்தான். ஆனால் அமுக்கவில்லை. வாட்சைப் பார்த்தார்.

“மாப்ள, பத்தரை தாண்டிருச்சு.”

அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது. அது சாஸ்திரம் பேசிய குரல் இல்லை. ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தியவரின் குரல். இப்போது தொட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும் — ஒருமுறை நடந்திருக்கிறது.

“மச்சான்...” என்றேன்.

பாஸ்கருக்கு எதுவும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, “சார், உங்களை நம்பித்தான் இருக்கேன்” என்றார்.

மச்சான் வாட்சைக் கழற்றினார். டாஷ்போர்டின் மேல் குப்புற வைத்தார். கண்ணை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். மூடவில்லை. சுவிட்சையே பார்த்து, அமுக்கினார்.

தாங்கி இறங்கியது. கை வெளியே வந்தது.

இரண்டு விரல்களின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு, கிரீஸ், கொஞ்சம் ரத்தம். பாஸ்கர் அவற்றைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து மடக்கிப் பார்த்தார். முதல் விரல் மடங்கியது. அடுத்தது யோசித்தது... மடங்கியது. மூன்று பேரும் அப்போதுதான் மூச்சு விட்டோம். கண்ணாடி மட்டும் இன்னும் என் கையில்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்க ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வந்தது. கட்டுப் போட டாக்டரிடம் போய் வந்தோம். எலும்பில் ஒன்றுமில்லை. மீதி வேலையை நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை.

“தம்பியால முடிஞ்சா இப்பவே முடிச்சிரட்டும் மாப்ள. நான் வண்டியை விட்டு எறங்கிக்கறேன்.”

“எறங்கினாப் பத்தாது சார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நில்லுங்க” என்றார் பாஸ்கர். முதல் காரியமாக மோட்டார் ஒயரைப் பிடுங்கிவிட்டு, இடது கையால் நட்டை முடுக்கினார். ஒயரை மறுபடி செருகியதும், ராகு காலம் முடிவதற்குள்ளேயே கண்ணாடி ஏறி இறங்கியது. சுத்தமாக, சத்தமில்லாமல்.

மனைவி போன் செய்தாள். மச்சான்தான் எடுத்தார்.

“அண்ணே, பத்தரைக்குள்ள ஏத்திப் பாத்தாச்சா?”

“பாத்தாச்சும்மா” என்றார். பொய் இல்லை.

ஆபத்தை நாம் எங்கே தேடுகிறோம் என்று யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். காலண்டரில், கடிகாரத்தில், பூனை போகிற திசையில்... அது நாலு அடி தள்ளி, தகரத்துக்குள், இன்னொருவர் கையாக இருக்கிறது. நம் விரல் சுவிட்சின் மேல் இருக்கிறது. பயப்படுவதில் தப்பில்லை. நானும் பயந்தவன்தான், இதை எழுதும்போதும் உள்ளங்கை ஈரமாகிறது. பயம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஸ்ரீரங்கம் போனோம். பாலத்தில் மனைவி கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டாள். திரும்ப ஏற்ற சுவிட்சைத் தொட்டபோது, பின் சீட்டிலிருந்து மச்சானின் குரல் வந்தது.

“கையெல்லாம் உள்ள இருக்கா?”

மணி என்ன என்று கேட்கவில்லை.