நிரந்தரக் குற்றவாளி

கூண்டில் ஏறுமுன் இசக்கிமுத்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். தூக்குத் தண்டனை கிடைத்த இரண்டு நாள்களிலும் இதில் தவறியதில்லை.

வீடு மட்டாஞ்சேரியில். வேலை, ஐந்து மணி நேர பஸ் தூரத்தில், மலைமேல் ஒரு தனியார் சட்டக் கல்லூரியில். மாணவர்கள் முப்பத்தெட்டு பேர். வழக்காடப் பழகும் அறை, முன்பு ஏலக்காய் உலர்த்திய ஸ்டோர். நீதிபதி முதல் சாட்சி வரை எல்லா வேடத்துக்கும் ஆள் உண்டு. குற்றவாளியாக மட்டும் எவரும் நிற்க மாட்டார்கள். போட்டோ வாட்ஸ்அப்பில் போனால் கல்யாணம் தட்டிப்போகுமாம். ஆகவே பியூன் வேலையோடு அதையும் பதினோரு வருடமாக இவரே பார்க்கிறார். கொலை, கொள்ளை, கள்ளநோட்டு. ஒருமுறைகூட விடுதலையானதில்லை, அவருக்காக வாதாடுபவர்களும் மாணவர்கள்தானே. "முட்டிதான் வலிக்கி. மத்தபடி தண்டனையெல்லாம் சொகந்தான்" என்பார்.

கல்யாணம் தட்டிப்போனது என்னவோ அவர் மகள் மகாவுக்கு. போன முறை பெண் பார்க்க வந்தவர்கள், தகப்பனே வீட்டில் இல்லையே என்று எழுந்துபோனார்கள். அன்று அவர்மேல் வரதட்சணைக் கொலை வழக்கு.

"சனிக்கிழமை ஆறு மணிக்கு அடுத்த கூட்டம் வருது. அன்னைக்கும் கூண்டுல நின்னீகன்னா, பெறகு வீட்டுப் பக்கமே வராண்டாம்" என்று போனில் தீர்ப்பளித்தாள் மனைவி பேச்சியம்மாள்.

சனிக்கிழமை பஸ் பன்னிரண்டரைக்கு. பன்னிரண்டாகியும் அரசுத் தரப்பு மாணவி சோனியா முதல் சாட்சியையே விடவில்லை. இசக்கிமுத்து கை தூக்கினார்.

"நான்தான் குத்துனேன், சாரே."

நீதிபதி நாற்காலியிலிருந்த பிரின்சிபல் நீலகண்டன் தாளைப் புரட்டினார். "இது மாட்டுத் திருட்டுக் கேஸாணு, இசக்கி."

"அதும் நான்தான். பஸ்ஸு போயிரும்."

"சாரே, அண்ணாச்சி இப்பவே ஒத்துக்கிட்டா எனக்கு எங்ஙன மார்க்கு கிட்டும்?" சோனியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

தீர யோசித்து, நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. திங்கள் காலை ஒன்பதுக்குள் மணியடிக்க ஆஜராக வேண்டும் என்பது நிபந்தனை.

ஆறு மணிக்கு மட்டாஞ்சேரியில், மடிப்புக் கலையாத சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்: "அண்ணாச்சிக்கு என்ன ஜோலி?"

இசக்கிமுத்து எழுந்தார். நாற்காலிக்குப் பின்னால் போய், அதன் சாய்மானத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார்.