சந்தனத்துக்குள் ஒரு திருகு

தாராவியில் என் கைக்கு மசியாத இயந்திரம் இதுவரை வந்ததில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் சொல்கிறேன், நம்பலாம். குர்லாவில் இரண்டு பட்டறைகள் கைவிட்ட கம்ப்ரசர்கூட என்னிடம் வந்துதான் ஓடியது. புல் வெட்டும் மிஷின் மட்டும் போன வருடம்தான் முதல்முறையாக வந்தது.

செம்பூரில் ஒரு காலனியில் தோட்டவேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் அதை டெம்போவில் ஏற்றி வந்தார். கையால் தள்ளும் பழங்காலத்து இரும்பு மிஷின். உருளையில் முறுக்கிய கத்திகள் சுழன்று, அடியில் இருக்கும் தட்டைக் கத்தியோடு உரசிப் புல்லை நறுக்க வேண்டும். இது பாதியை வெட்டிப் பாதியை மடக்கிக்கொண்டிருந்தது.

“ஞாயித்துக்கெழம காலனி செக்ரட்டரி முன்னால வெட்டிக் காட்டணும் அண்ணாச்சி. இல்லன்னா மிஷின் பழைய இரும்புன்னு பங்கார் கடைக்குப் போயிரும். வேலைய காண்ட்ராக்ட்காரனுக்குக் குடுத்துருவாவ. நான் வீட்டுல இருக்க வேண்டியதுதான்.”

“எங்கிட்ட வந்துட்டீருல்லா, பொறவு என்ன பயம்வே?”

பிரித்தேன். பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். கத்திகளில் சாணைப் பசை தடவி, உருளையைப் பின்பக்கமாகச் சுற்றித் தீட்டினேன். பூட்டிவிட்டு, காகிதத் துண்டை இடையில் கொடுத்துச் சுற்றினேன். வலது பக்கம் கத்தரித்தது, இடது பக்கம் மடங்கியது. மறுபடியும் பிரித்துப் பூட்டினேன். அதே கதைதான்.

“அண்ணாச்சிக்கே தண்ணி காட்டுதே” என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

உருளையைக் கத்தியோடு நெருக்கும் திருகு வலது பக்கம் இருந்தது. இடது பக்கம் அந்த இடத்தில் சிவப்பாக ஒரு மேடு. வார்ப்பிலேயே வந்தது, மேலே பெயின்ட் என்று நினைத்திருந்தேன். வேறொருவன் என்றால் அங்கே வெல்டிங் வைத்துக் கெடுத்திருப்பான். நான் உளியால் லேசாகத் தட்டினேன். பொலபொலவென்று உதிர்ந்தது, குங்குமமும் சந்தனமும்.

“வருசாவருசம் ஆயுத பூசைக்கு அங்கனதான் பொட்டு வைப்பேன்” என்றார் அவர். “பழசக் கழுவ மனசு வரல. சாமிக்கு வச்சதுல்லா.”

“சாமிக்கு வச்சீரு சரி. திருகுக்குல்லா சமாதி கட்டியிருக்கீரு!”

உள்ளே அதே போல ஒரு திருகு. இத்தனை காலம் வலது பக்கத்தை மட்டும் முறுக்கி முறுக்கி உருளை சாய்ந்துபோயிருந்தது. எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் சரிபார்த்து முறுக்கினேன். காகிதம் முனைக்கு முனை அறுந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். என் வேலையை நான் பார்க்காமல் யார் பார்ப்பது? செக்ரட்டரி குனிந்து புல்லைத் தடவினார். “பேஷ், ஒரே மட்டமா இருக்கே. காண்ட்ராக்டெல்லாம் வேண்டாம், இவரே பார்த்துக்கட்டும்.”

அவர் படியேறியதும் எங்கள் ஊர்க்காரர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சந்தனம். விரலில் குழைத்து மிஷின் பக்கம் குனிந்தார்.

“ஏ வே! கைப்பிடியில வையும்!”