முப்பது டிகிரி

மலை முப்பது டிகிரி திரும்பியிருக்கிறது என்று நிவேந்திரன் ஆய்வேட்டில் எழுதிக் கொடுத்து ஒரு வாரமாகிறது. எரிமலைக் குழம்பு பாறையாக இறுகும்போது அன்றைய வடதிசையைக் காந்தமாகத் தனக்குள் பதித்துக்கொள்ளும். பிறகு மலை திரும்பினால் அந்தப் பதிவும் கூடவே திரும்பும். அதைக் கண்டுபிடிக்க, பாறையை வெட்டியெடுக்கும் முன்பே அது கிடந்த திசையைத் திசைகாட்டி வைத்துக் குறிக்க வேண்டும்.

இன்று புக்கிட் பெருவாங் வாடகை அறையில் சாமான்களை ஒதுக்கும்போது அந்தத் திசைகாட்டியைக் கையில் எடுத்தான். முள் விலகியது. மேசையில் வைத்தான்; வடக்குக்கே வந்து நின்றது. மறுபடி எடுத்தான், மறுபடி விலகியது, ஏறக்குறைய முப்பது டிகிரி.

நடுவிரலில் கிடந்தது இரும்பு மோதிரம். அவன் பாறை அளக்கப் போவதற்கு முன்பே, ஏழரைச் சனிக்காக அம்மா ராமாத்தாள் ஜாசின் கோயிலில் பூசை செய்து மாட்டிவிட்டது. மலை எங்கே திரும்பியது? இந்தப் பாழாய்ப்போன மோதிரம்தான் முள்ளைத் திருப்பியிருக்கிறது. மறுபடி போய் அளக்கவும் வழியில்லை. அந்தப் பாறையைக் குவாரிக்காரன் வெடிவைத்துத் தகர்த்துவிட்டான்.

கைபேசி அலறியது. அம்மா.

"நிவே, சனி வெலகுற வரைக்கும் மோதிரத்த கழட்டிடாதலா. அதான் உன் படிப்ப காப்பாத்துது."

"கழட்டலம்மா," என்றான், குழாயடியில் சோப்பு நுரைக்குள் விரலை முறுக்கிக்கொண்டே. விரல் சிவந்து வீங்கியதுதான் மிச்சம், மோதிரம் அசையவில்லை.