பதினேழாம் படுக்கை

அந்தத் திங்கட்கிழமை காலை விழுப்புரம் நிலையத்தில் பாசஞ்சர் ரயில் ஏறியபோது மேரி அக்காவைக் காணவில்லை. கடைசி ஒரு வருடமாக எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பது அவர் வழக்கம். எதிர் இருக்கையில் என் பையை வைத்து இடம் பிடித்தேன். முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்றபோது அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "என்னக்கா, இன்னிக்கு பதினேழுக்கு லீவா?" என்று சிரித்துக்கொண்டுதான் எடுத்தேன். பதினேழு என்பது எங்களுக்குள் ஒரு கேலி. அதைப் பின்னால் சொல்கிறேன். பேசியது அவருடைய மகள் ஜெனிபர். அம்மா குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார், ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றாள். விக்கிரவாண்டியில் இறங்கி, திரும்பிப் போகும் பேருந்துக்காக நின்றேன். பையை ரயிலிலேயே விட்டுவிட்டேன் என்பது அவர் வீட்டு வாசலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

ஆரோக்கியமேரி அவர்கள் திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் பெண்கள் வார்டில் பத்தொன்பது ஆண்டுகள் செவிலியராக இருந்தவர். நான் அதே இடத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எட்டு ஆண்டுகள் இருவரும் ஒரே ரயிலில் போய் வந்தோம். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அச்சிடும் மலரில் ஊழியர்கள் சார்பாக எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க மேடம், போதும்" என்றார் மேலாளர். நல்லதாக எழுத நிறையவே இருக்கிறது. ஆனால் அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஜெனிபர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள்.

"அம்மா நர்சு, ஆன்ட்டி. நெஞ்சில எதுனா இருந்தா அவங்களுக்குத் தெரியாம இருக்குமா? உங்ககிட்ட எதுனா சொன்னாங்களா?"

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லலை" என்றேன்.

அந்தப் பதிலை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

மேரி அக்காவின் ஊர் காணைக்குப் பக்கத்தில். அப்பா அம்மா இருவரும் கரும்பு வெட்டப் போனவர்கள். தமிழ் வழியில் படித்து, செவிலியர் பட்டயம் முடித்து, விழுப்புரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில நோயாளிகளுக்கு நரம்பு கிடைக்காமல் ஊசியை வைத்துக்கொண்டு விழிப்பேன். அப்போது நான் கூப்பிடுவது அவரைத்தான். வந்து நின்று நோயாளியிடம் ஊர், பிள்ளைகள், விலைவாசி என்று ஏதாவது பேசுவார். பேச்சு முடிவதற்குள் ரத்தம் குழாயில் ஏறியிருக்கும். "நீ கையவே பாத்துக்கினு இருக்க வாணி. ஆளப் பாரு, நரம்பு தானா வரும்" என்பார். எனக்கு அது இன்றுவரை வரவில்லை.

ஒருநாள் மூச்சுத் திணறிய ஒரு பெண்ணை வேறு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. தொலைபேசியில் எதிர்முனையில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. மேரி அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "பிரீத்திங் நாட் கமிங் சார், ஜல்தி ஆம்புலன்ஸ் சார்" என்று சொல்லி ஏற்பாடு செய்துவிட்டார். பக்கத்தில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லி வார்டு முழுக்கச் சிரிக்க வைத்தார். அன்று மாலை ரயிலில் மயிலம் தாண்டிய பிறகுதான் அந்தப் பேச்சை எடுத்தார்.

"அந்தப் பொண்ணு பொழச்சிக்கிச்சி வாணி" என்றார். "நான் சொன்னது புரிஞ்சிதான வண்டி வந்துச்சி? இவருக்கு இன்னா பேஜாரு?"

அடுத்த வாரமே பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு தடித்த ஆங்கில அகராதியும், இருநூறு பக்க நோட்டு ஒன்றும் வந்துவிட்டன. வெளிநாடு போகும் செவிலியருக்கான ஆங்கிலத் தேர்வு எழுதப் போவதாகச் சொன்னார். அயர்லாந்து என்றார். அது வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. காட்டிக்கொள்ளவில்லை.

காரணம், நான் கான்வென்ட்டில் படித்தவள். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. அவர் கேட்பதற்கு முன்பே சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வாத்தியாரம்மா ஆகிவிட்டேன். நாளுக்கு ஐந்து சொற்கள். நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி. முதலில் சொல், அடுத்து அகராதியில் உள்ளபடி பொருள், மூன்றாவதில் எடுத்துக்காட்டு வாக்கியம். முந்தின நாள் வீட்டில் எழுதிக் கொண்டுவருவார். மயிலம் தாண்டித் திண்டிவனம் வருவதற்குள் நான் திருத்திக் கொடுக்க வேண்டும். நடுவில் அவித்த மல்லாட்டை தின்போம்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

அகராதி கொடுத்த பொருளை ஒரு எழுத்து மாறாமல் எடுத்துக்கொள்பவர், அது கொடுத்த வாக்கியத்தை மட்டும் ஏற்க மாட்டார். "இதுல ராஜா வேட்டைக்குப் போறாரு. நான் எங்க போறது? நானே ஒண்ணு எழுதிக்கினாத்தான் மண்டையில நிக்கும்." வார்டைப் பற்றி எழுதுங்கள் என்றேன். அதற்கும் மறுத்துவிட்டார். நோயாளியின் பெயரையோ படுக்கை எண்ணையோ ரயிலில் திறப்பது தவறு, எதிரே உட்கார்ந்திருப்பவர் அவருடைய சம்பந்தியாகவே இருக்கலாம் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழியும் அவரே சொன்னார். "நம்ம வார்டுல பதினாறு பெட்டுதான? பதினேழுன்னு ஒண்ணு போட்டுக்கலாம். அதுல ஒரு பேஷன்ட்டு. அவங்க யாருன்னு யாருக்கும் தெரியாது."

இப்படித்தான் பதினேழாம் படுக்கை வந்தது. முதல் நோட்டு முழுக்க அந்த அம்மாள் எங்களைச் சிரிக்க வைத்தார். அடங்காப் பசியைக் குறிக்கும் 'வொரேஷியஸ்' என்ற சொல்லுக்கு, தன் நான்கு இட்லியை முடித்துவிட்டுப் பக்கத்துப் படுக்கையின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆடமன்ட்' என்பதற்கு, கேப்பைக் கூழ் வந்தால்தான் மாத்திரை விழுங்குவேன் என்று அடம் பிடித்தார். காலையில் ரயிலில் ஏறியதும் நான் கேட்கும் முதல் கேள்வியே, "பதினேழு இன்னிக்கு எப்படி இருக்காங்க?" என்பதுதான். "எழுதியிருக்கறேன், பாரு" என்று நோட்டை நீட்டுவார்.

முதல் தடவை தேர்வில் தவறினார். இரண்டாம் தடவை எழுத்துத் தேர்வில் மட்டும் போயிற்று. சோர்ந்து போவார் என்று நினைத்தேன். மறுநாளே ஐந்து சொற்களோடு வந்தார். சென்ற ஆண்டு மழை தொடங்கியபோது இரண்டாவது நோட்டு ஆரம்பமானது. அதே சமயத்தில்தான், வண்டி நகரும்போது ஓடிவந்து ஏறுகிறவர், எனக்கு முன்பே வந்து உட்காரத் தொடங்கினார். பொறுப்பு வந்துவிட்டது என்று கேலி செய்தேன். திண்டிவனத்தில் நடைமேம்பாலப் படியேறும்போது பாதியில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளைப் படிப்பார். ஆங்கிலம் எங்கே கண்ணில் பட்டாலும் விட மாட்டேன் என்கிறார் என்று நினைத்து, முன்னால் நடந்து போய்க்கொண்டே இருந்தேன்.

இந்தக் கோடையில் மூன்றாம் தடவை எழுதித் தேறினார். வார்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அன்று கேலி செய்த அந்த மருத்துவருக்கும் ஒன்று கொடுத்தார். "சரி, பதினேழுக்கு டிஸ்சார்ஜ் போட்டுடலாமா?" என்று கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும். அங்க போயி பேசணுமில்ல" என்றார். அடுத்து பாக்கியிருந்தது உடல் தகுதிப் பரிசோதனை மட்டும்தான். ரத்தம் நானே எடுக்கிறேன், கீழேயே ஈ.சி.ஜி. எடுத்துவிடலாம், பத்து நிமிட வேலை என்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் "அடுத்த வாரம் வர்றேன்" என்றார். வேலை மும்முரம் என்று விட்டுவிட்டேன்.

இறந்து இரண்டு வாரம் கழித்து ஜெனிபர் அந்த இரண்டாவது நோட்டைக் கொண்டுவந்து தந்தாள். அம்மாவின் கையெழுத்தில் ஒரு பக்கத்தை மலரில் போடலாம், நல்ல பக்கமாக நீங்களே எடுத்துக்கொடுங்கள் என்றாள். காலை ரயிலில் பிரித்தேன். எல்லாம் நான் முன்பே படித்த வாக்கியங்கள்தான். ஆங்கிலத்தில் இருப்பதை இங்கே தமிழில் தருகிறேன்.

'ரிலக்டன்ட்': பதினேழாம் படுக்கை நோயாளி படியேறத் தயங்குகிறார், பாதியில் நின்று சுவரில் உள்ளதைப் படிப்பதுபோல் நடிக்கிறார்.

'இன்டர்மிட்டன்ட்': அவருடைய நெஞ்சு வலி எங்கள் தெருவின் மின்சாரம்போல விட்டு விட்டு வருகிறது.

'கன்சீல்': கால் வீக்கத்தை மறைக்க அவர் செருப்பு வாரைத் தளர்த்திக்கொள்கிறார்.

'டிஃபர்': தன்னை யாருக்கும் தெரியாத நாட்டுக்குப் போன பிறகு ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் தள்ளிப்போட்டிருக்கிறார்.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் சிவப்பு மை இருக்கிறது. ஓரிடத்தில் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறேன். ஓரிடத்தில் ஒரு சொல்லை இடம் மாற்றியிருக்கிறேன். கடைசி வாக்கியத்துக்கு எதிரே 'லாஜிக் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். அந்தக் காலை எனக்கு நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு ஈ.சி.ஜி. எடுக்காமல் எப்படி இருப்பார்கள் என்று கேட்டு, அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். "லாஜிக் இல்லதான் வாணி. பேஷன்ட்டுக்கு எங்க லாஜிக் இருக்குது?" என்று சொல்லி மல்லாட்டைத் தோலை ஜன்னல் வழியே போட்டார்.

ஏன் மறைத்தார் என்று இப்போது ஊகிக்க முடிகிறது. எங்கள் மருத்துவமனையில் ஒரு ஈ.சி.ஜி. காகிதம் வெளியே வந்தால் அரை மணி நேரத்தில் வாயிற்காவலர் வரைக்கும் தெரிந்துவிடும். தகுதிச் சான்றிதழில் ஒரு வரி பாதகமாக விழுந்தால் இரண்டு வருட உழைப்பு போயிற்று. அவருக்கு அந்தப் பயம் இருந்திருக்கும். ஆனால் வேறு ஊரில் போய்க் காட்டியிருக்கலாமே, இவ்வளவு தெரிந்தவர் ஏன் இப்படிச் செய்தார் என்று அவர்மேல் எனக்குக் கோபமும் வருகிறது. நான் கேட்க வேண்டும் என்று நினைத்து எழுதினாரா, எழுதிப் பார்க்க வேறு ஒன்றும் கைவசம் இல்லாமல் தன்னையே எழுதினாரா என்பது எனக்குத் தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை. ஒன்று மட்டும் தெரியும். பதினாறு படுக்கைகளின் ரத்தக் குழாய்களிலும் எண் எழுதி ஒட்டுவது என் வேலை. பதினேழு என்று ஒன்று கிடையாது என்பது அந்த மருத்துவமனையில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. கிடையாது என்று தெரிந்ததால்தான் அந்த நோயாளிக்கு நான் கவலைப்படவே இல்லை.

நான் திருத்திய கடைசிப் பக்கம், அவர் இறப்பதற்கு முந்திய சனிக்கிழமைப் பக்கம். ஐந்தாவது சொல் 'கன்ஃபைட்'. பொருள் பத்தியில், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மட்டும் ரகசியத்தைச் சொல்லுதல் என்று எழுதியிருக்கிறார். அதற்கு வாக்கியம்: பதினேழாம் படுக்கை நோயாளி தினமும் காலையில் தன் தோழியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். அதில் ஒரு பிழையும் இல்லை. பெரிதாக ஒரு டிக் போட்டு, பக்கத்தில் 'வெரிகுட்' என்று எழுதியிருக்கிறேன்.

ஜெனிபர், அன்று நீ கேட்டபோது நான் உனக்குச் சொன்ன பதில் தவறு. அம்மா சொன்னார். ஏறக்குறைய ஒரு வருடம், தினமும் காலையில், மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் என்னிடம்தான் சொன்னார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. மலரில் அச்சிட நான் தேர்ந்தெடுத்திருப்பது இந்தப் பக்கம்தான், என் சிவப்பு மையோடு. இதை மேலாளர் வேண்டாம் என்று எடுத்துவிட்டால் ஜெபத்துக்கு வந்து நானே வாசிப்பேன். அதற்குப் பிறகு என்னை உன் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது.

நோட்டில் இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது. திங்கட்கிழமைக்காக ஞாயிறன்று எழுதி வைத்த பக்கம். ஐந்து சொற்கள், ஐந்து பொருள், ஐந்து வாக்கியங்கள். அதில் என் மை படவில்லை. அவர் வழக்கமாக உட்காரும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பேனாவை வெளியே எடுக்காமல், ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தேன். மயிலம் வந்து போயிற்று. எதிரே யாரும் இல்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, எட்டு ஆண்டுகளில் ஒரு நாளும் கேட்காததைக் கேட்டேன்.

"மேரி அக்கா, உங்களுக்கு எப்படி இருக்கு?"