கூர் ஏறாத கத்தி

வாங்கி ஆறு மாதமாகியும் என் மடக்குக் கத்திக்குச் சாணை தேவைப்படவில்லை. உயர்ந்த உருக்கு, விலையும் அப்படித்தான். நேற்று அது தக்காளித் தோலில் வழுக்கியது. இன்று மாலை சாணைக்கல்லில் எவ்வளவு தேய்த்தும் கூர் ஏறவில்லை. ஈரக்கல்லும் இரும்பும் கலந்த வாடைதான் எழுந்தது. சின்ன வயதில் எங்கள் ஆம்பூர் வீட்டுப் பின்வாசலிலும் இதே வாடைதான் வீசும்.

அம்மா ஷூ கம்பெனிக்காக வீட்டிலேயே தோல் ஓரம் வெட்டுவாள். உடைந்த ரம்பத் தகட்டில் அவளே செய்துகொண்ட கத்தி. இருபது துண்டுக்குள் மழுங்கிவிடும், கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் மறுபடி கூராகிவிடும். ஒருநாள் சூப்பர்வைசர் எல்லோருக்கும் புதுக் கத்தி கொடுத்தார். “இனிமே இதுல வெட்றவங்களுக்குத்தான் வேலை” என்றார்.

அது இருநூறு துண்டு வெட்டியது. அம்மாவே அசந்துபோனாள். ஆனால் ஒருமுறை மழுங்கியதும் அவ்வளவுதான், தேய்த்தால் கல்தான் தேய்ந்தது.

“பேஜார் புடிச்ச கத்தி இது, அக்கா. நான் திருப்பிக் குடுத்துட்டு வேலையே வேணாம்னு வந்துட்டேன், நீயும் குடுத்துடு” என்றாள் பக்கத்து வீட்டு மேரி.

அம்மா கொடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் குந்தி உட்கார்ந்து அதைத் தேய்த்தாள். மூன்றாம் நாள் நான் பொறுக்காமல், “இன்னாம்மா, விடவே மாட்டியா?” என்றேன்.

“ஒரு கத்திக்கே இவ்ளோ பிடிவாதம் இருந்தா எனக்கு எவ்ளோ இருக்கும்?” என்றபடி அதை முன்கையில் மெல்ல ஓட்டினாள். முடி உதிர்ந்தது.

நானும் இப்போது என் முன்கையில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு முடிகூட உதிரவில்லை. அம்மாவின் கணக்குப்படி இன்னும் இரண்டு சாயங்காலம் இருக்கிறது. கல்லில் தண்ணீர் தெளித்தேன்.