கதவுக்கு வெளியே வருகைப்பதிவு

முப்பத்தாறு வயதில் கா யிங் லோருக்கு இரண்டாம் வகுப்பு மறுபடியும் வாய்த்தது. தாய்லாந்து அகதி முகாமிலிருந்து ஃப்ரெஸ்னோவில் வந்திறங்கிய ஏழாவது வயதில் அவள் அதில் முதல் தடவை உட்கார்ந்தபோது டீச்சர் பேசியது ஒரு வார்த்தை கூடப் புரியவில்லை. இப்போது எல்லாம் புரிந்தது, வாயைத் திறக்கத்தான் அனுமதியில்லை. பார்வையாளர் என்று கழுத்தில் அட்டை தொங்கியது. வகுப்பின் பின்வரிசையில், குழந்தைகளுக்கான நாற்காலியில், முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்து, ஒரு டீச்சர் என்னென்ன செய்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். நாற்பத்தைந்து மணி நேரம்.

அதற்கு முன் பதினோரு வருஷம் பீச் பழம் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் வேலை. அந்த வேலையில் இருந்துகொண்டே சாயங்கால வகுப்புகளாக ஏழு வருஷம் கம்யூனிட்டி காலேஜ் போனாள். அது இரண்டு வருஷப் படிப்பு. அவள் புருஷன் ஜெர் தக்காளி லாரி ஓட்டுகிறவன். காலையில் அவளுக்குச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போது, "ரெண்டு வருஷப் படிப்ப ஏழு வருஷம் படிச்சே. ரெண்டாங்கிளாஸ எப்ப முடிக்கப் போறே? நம்ம பொண்ணு அஞ்சாவது போயிட்டா, அவ கிட்ட டியூஷன் வச்சுக்கோ" என்பான். சொல்லிவிட்டு லாரியை எடுக்கு முன்னால் அவளுடைய பழைய காரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போவான்.

ஸ்டேட் யுனிவர்சிட்டியில் மூன்றாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்கிறோம், ஆரம்பப் பள்ளி ஆசிரியர் படிப்பு என்று கடிதம் வந்திருந்தது. ஒரு நிபந்தனை. நாற்பத்தைந்து மணி நேரமும் முடிந்ததென்று வகுப்பு டீச்சர் கையெழுத்துப் போட்ட படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். படிவத்தின் கடைசியில் இரண்டு கேள்விகள். 'இவர் சிறு குழந்தைகளுக்கு நடுவில் இருக்கத் தகுந்தவரா?' 'பார்வையிட்ட காலத்தில் எந்தக் குழந்தையையாவது தொட்டாரா?' முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. மாறி விழுந்தால் மறுபடியும் பீச் பழம்.

கையெழுத்துப் போட வேண்டியவர் மிஸஸ் ஹால்வர்சன். இருபத்தாறு வருஷமாகப் பதினாலாம் எண் அறை அவருடையது. சிரித்து யாரும் பார்த்ததில்லை, ஆனால் அவர் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் காய்ச்சல் அடித்தாலும் வந்துவிடும். சட்டதிட்டத்தில் அப்படியொரு கறார். பக்கத்து வகுப்பு டீச்சர் ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்பியதை எழுதிக் கொடுத்தவர். சட்டம் போதாத இடத்தில் சொந்தமாகவும் ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்வார்.

அப்படிச் சேர்த்துக்கொண்ட ஒன்றைக் கா யிங் முதல் வாரமே கேட்டாள். யாராவது துப்பாக்கியோடு பள்ளிக்குள் வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று மாதத்துக்கு ஒரு தடவை ஒத்திகை உண்டு. கதவைப் பூட்டு, விளக்கை அணை, மூலையில் உட்கார், மூச்சு விடாதே. கல்வி அலுவலகம் இதைப் பத்தொன்பது பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தது. மிஸஸ் ஹால்வர்சன் பத்தொன்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்துவிட்டு, "இன்னும் ஒண்ணு. வெளியேருந்து என் குரலே கூப்பிட்டாலும் கதவத் திறக்கக் கூடாது. பதிலும் சொல்லக் கூடாது. நான் வரணும்னா சாவியோட வருவேன்" என்றார்.

பின்வரிசையில் கா யிங் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவள் அம்மா லாவோஸ் மலையிலிருந்து கொண்டுவந்த சொத்தே அதுதான். "வெளிய நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டா ஏன்னு கேக்காதடி. மனுஷனா இருந்தா உள்ள வருவான்." இதைக் கடைப்பிடித்தே அம்மா ஆறு வருஷமாகக் கூரியர்காரன் ஒருவனுக்கும் கதவைத் திறந்ததில்லை. வாசலில் மணி அடித்தால் டிவியைக் கூட அணைத்துவிடுவாள். நார்வேக்காரர்களின் பேத்தி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், எதற்கும் பயப்படாத மிஸஸ் ஹால்வர்சனும் அதையே சொல்கிறாரே என்று வேடிக்கையாக இருந்தது. வீட்டில் போய்ப் பத்தொன்பது பக்கத்தையும் புரட்டினாள். குரல் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

நாற்பத்தைந்தாவது மணி ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. டிசம்பர். பள்ளத்தாக்கில் பனிமூட்டம் தரையோடு படுத்துக் கிடந்தது. கார் முகப்பு விளக்கு தன் பம்பரைத் தாண்டவில்லை. பள்ளிப் பேருந்துகள் இரண்டு மணி நேரம் தாமதம் என்று தகவல். நடந்து வரக்கூடிய பிள்ளைகள் பதினொரு பேர் மட்டும் வந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே விளையாட்டுத் திடல் இல்லை, வேலி இல்லை, வெள்ளையாக ஒன்றுமில்லாதது நின்றது. பிள்ளைகள் தாமாகவே மெதுவாகப் பேசினார்கள்.

பத்தேகாலுக்கு மிஸஸ் ஹால்வர்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ் எங்க வருதுன்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வரேன். ரெண்டு நிமிஷம். மிஸ் லோர், உங்களத் தனியா விடக் கூடாதுன்னு சட்டம். அதனால நீங்க தனியா இல்ல, நான் நடையிலதான் இருக்கேன்."

அவர் போய் ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஒலிபெருக்கி கரகரத்தது. "பூட்டு. விளக்கு. மறைவு." மூன்று தடவை. ஒத்திகை என்று சொல்லவில்லை. நிஜம் என்றும் சொல்லவில்லை.

கா யிங் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். கதவில் இருந்த கண்ணாடித் துண்டின் மேல் கறுப்புத் துணியை இறக்கினாள். விளக்கை அணைத்ததும் பனியின் சாம்பல் வெளிச்சம் மட்டும் அறைக்குள் மிஞ்சியது. பதினொரு பிள்ளைகளும் புத்தக அலமாரிக்குப் பின்னால் கம்பளத்தில் போய்ச் சம்மணமிட்டார்கள். அவளும் அவர்களோடு தவழ்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் மேசை மேல் பார்வை போனது. மிஸஸ் ஹால்வர்சனின் சாவிக்கொத்து அங்கேயே கிடந்தது.

நடையில் செருப்புக் குதிகாலின் சத்தம். டக், டக். பதினாலாம் எண் கதவுக்கு முன்னால் நின்றது.

கைப்பிடி ஒரு தடவை திரும்பி நின்றது. பிறகு, அவசரமே இல்லாத அந்தக் குரல்.

"கா யிங். நான்தான். சாவிய உள்ளயே வச்சுட்டேன்."

அன்ஸெல்மோ என்ற பையன் அவள் காதருகே வந்தான். "மிஸ்தான் கூப்பிடறாங்க."

"உஷ்."

"நெசமான மிஸ்."

நாலு மாதமாக அவளை அந்த அம்மாள் மிஸ் லோர் என்று தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. கா யிங் என்று வீட்டில்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நிஜமாகவே துப்பாக்கியோடு ஒருவன் நடையில் இருந்தால்? அறுபது வயதுப் பெண்ணைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்து, படிவத்தில் கையெழுத்தும் கேட்பதா? அவள் எழுந்தாள். இரண்டு அடி வைத்தாள்.

வெளியே குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கம்போல, வருகைப்பதிவு எடுக்க ஆரம்பித்தது.

"ஜெனிவீவ்."

கா யிங் நின்றுவிட்டாள். ஒவ்வொரு காலையிலும் கேட்கும் அதே ராகம். பேருக்கும் பேருக்கும் நடுவில் பேனா முனை ஏட்டில் படுமளவு இடைவெளி.

"மார்க்கஸ்."

மார்க்கஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். வருஷம் முழுக்கப் பேர் கேட்ட மாத்திரத்தில் 'உள்ளேன் மிஸ்' என்று பழக்கப்படுத்தப்பட்ட வாய் அது, கையில்லாமல் நிற்காது.

"ஹெய்டன்." "ஓவியெடோ." ஓவியெடோ அன்று வரவே இல்லை. காலையில் பதிவு எடுத்த டீச்சருக்கு அது தெரியும். "அன்ஸெல்மோ." அன்ஸெல்மோ அலமாரிக்குள் முகத்தைப் புதைத்தான். சற்று முன் நிஜமான மிஸ் என்றவன் அவன்தான்.

"மிரேயா."

மிரேயா வகுப்பிலேயே சின்னவள். வாயைப் பொத்திக்கொள்ள மறந்துபோய்க் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் விழுந்ததும் அவள் முகம் மலர்ந்தது, உதடு பிரிந்தது.

கா யிங் பாய்ந்து அவள் வாயை, காலையில் சாப்பாட்டுக்கு மிளகாய் இடித்த உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். அடியில் உதடு அசைவதும் சூடான காற்று கையில் படுவதும் தெரிந்தன. சத்தம் வெளியே போனதா என்று தெரியவில்லை.

"மிரேயா?" என்றது கதவு. கொஞ்ச நேரம் காத்திருந்தது. "மிரேயா."

அதற்கப்புறம் வேறு பேர் வரவில்லை. குதிகால் சத்தம் திரும்பிப் போனது. போகப் போகத் தேய வேண்டிய சத்தம் பாதியிலேயே, யாரோ கம்பளத்தில் கால் வைத்ததுபோல், அறுந்துவிட்டது. அந்த நடை முழுக்கச் சிமெண்ட்.

இருபது நிமிஷம் கழித்துப் பிரின்ஸிபால் மிஸ்டர் பெரேராவின் சாவி கதவைத் திறந்தது. பின்னால் மிஸஸ் ஹால்வர்சன். "ஒத்திகைதான், எல்லாரும் பிரமாதம்" என்று ஆரம்பித்த பெரேரா, மிரேயாவின் கன்னத்தில் சிவப்பாக நாலு விரல் பதிந்திருப்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"யார் செஞ்சது?"

"நான்தான் சார்," என்றாள் கா யிங்.

"புள்ளையத் தொட்டீங்களா?"

"வாயப் பொத்தினேன். பதில் சொல்லப் பாத்தா. வெளிய மிஸஸ் ஹால்வர்சன் கூப்பிட்டாங்க. நான் திறக்கல. அதுக்கும் மன்னிச்சுக்கோங்க."

பெரேரா மிஸஸ் ஹால்வர்சன் பக்கம் திரும்பினார். "மார்த்தா, நீங்க எங்கூடத்தானே இருந்தீங்க? ஜெராக்ஸ் ரூம்ல?"

"ஆமா."

"நான் ரெண்டு கதவத் தட்டிப் பாத்தேன், அதுவும் கிழக்குப் பக்கம். இந்தப் பக்கமே வரல." அவர் கா யிங்கைப் பார்த்தார். கோபமில்லை, அதைவிட மோசமாக ஒரு இரக்கம். "பாருங்க மிஸ் லோர், எல்லாருக்கும் பதட்டம் வரும். ஆனா கைத்தடம் பதிஞ்சிருக்கு. நான் எழுதித்தான் ஆகணும். காலேஜுக்கும் சொல்லணும்."

"மிஸ்தான் கூப்பிட்டாங்க," என்றான் அன்ஸெல்மோ. "அட்டெண்டன்ஸ் எடுத்தாங்க."

மிஸஸ் ஹால்வர்சன் அவனைப் பார்க்கவில்லை. மிரேயாவின் முன்னால் குனிந்து, முழங்கால் முறுக்கிக்கொள்ள, தரையில் உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"கண்ணு, நீ பதில் சொன்னியா?"

"சொல்ல வந்தேன் மிஸ். இவங்க கை உள்ள வந்துடுச்சு. காரமா இருந்துது."

அவர் எழுந்தார். "பெரேரா, எழுத வேண்டாம். நான்தான் சொல்லியிருந்தேன். சத்தம் போட வந்தா வாயப் பொத்துங்கன்னு. என் உத்தரவு."

"எங்க இருக்கு அந்த உத்தரவு?"

"என் கிட்ட."

பக்கத்து டீச்சரின் ஐந்து நிமிஷத்தை எழுதிக் கொடுத்தவரோடு வாதாட பெரேராவுக்குத் தைரியமில்லை. போய்விட்டார். பேருந்துகள் வந்தன. பிள்ளைகள் இடைவேளைக்குப் போனபின் மிஸஸ் ஹால்வர்சன் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, எழுதாமல் இருந்தார்.

"எத்தனாவது பேர்ல நின்னுது?"

"ஆறாவது. மிரேயா."

"போன தடவ நாலாவதுல நின்னுது. பத்தொன்பது வருஷம் ஆச்சு. அன்னிக்கும் இதே மாதிரி பனி. பஸ் வரல."

"ஏன் நின்னுது?"

"அந்தப் பையன் பதில் சொன்னான்."

கா யிங் கேட்கக்கூடாது என்று நினைத்தாள், கேட்டாள். "அவனுக்கு என்ன ஆச்சு?"

"கிறிஸ்மஸ் லீவுக்கப்புறம் வரல. குடும்பத்தோட வேற ஊர் போயிட்டாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. சொன்னா நம்பணுமில்ல? நம்பினேன்." படிவத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது மிஸ் லோர். சும்மா ஒரு விதி சேத்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

தகுந்தவரா என்ற கேள்விக்கு ஆம் போட்டார். தொட்டாரா என்ற கேள்விக்கு இல்லை போட்டார். வாழ்க்கையில் அவர் எழுத்தில் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கலாம். கையெழுத்து மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

மறுநாள் கா யிங்குக்கு அந்தப் பள்ளியில் வேலையில்லை. ஆனாலும் போனாள். வேலிக்கு வெளியே, பனியில், காரை நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள். எட்டு மணி. எட்டேகால். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள்ளிருந்து முளைத்து வந்தார்கள். மிரேயா வரவில்லை. எட்டரைக்கு ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது. மிரேயா அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், காரைக் கண்டதும் மூக்கைச் சுளித்து, "மிளகாய் மிஸ்" என்று அம்மாவிடம் சுட்டிக் காட்டினாள். கா யிங் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கிளம்பிப் போய்ப் படிவத்தை யுனிவர்சிட்டி அலுவலகத்தில் நேரிலேயே கொடுத்தாள். அவர்கள் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள், கேள்வி கேட்கவில்லை.

மூன்று வருஷத்தில் அவள் டீச்சரானாள். மிஸஸ் ஹால்வர்சன் ஓய்வு பெற்ற வருஷம் பதினாலாம் எண் அறை காலியாக இருந்தது. குளிர் அடிக்கும், ஜன்னல் சரியாக மூடாது என்று மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். புதிதாக வந்தவளுக்குக் கிடைத்தது அதுதான். ஜெர் கேலி செய்தான்: "ஏழு வருஷம், அப்புறம் மூணு வருஷம், கடைசியில பாஸாகாம அதே ரெண்டாங்கிளாஸ்தானா?"

அவள் வகுப்பில் பேர் கூப்பிடும் வழக்கம் இல்லை. பிள்ளைகள் உள்ளே வந்ததும் தங்கள் பேர் எழுதிய காந்தத்தைப் பலகையில் சிவப்புக் கட்டத்திலிருந்து பச்சைக் கட்டத்துக்கு நகர்த்திவிட்டு உட்கார வேண்டும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம், யாரும் பதில் சொல்ல வேண்டாம். பெரேரா ஒரு நாள் எட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறதே, எங்கே கற்றுக்கொண்டது என்று கேட்டார்.

"யுனிவர்சிட்டில சார்," என்றாள் மிஸ் லோர். "புது முறை. புள்ளைங்களுக்குப் பொறுப்பு வருமாம்."

மற்ற வகுப்புகளிலும் இதையே செய்யலாமே என்று அவர் சுற்றறிக்கை அனுப்பினார். இப்போது அந்தப் பள்ளியில் காலை எட்டரைக்கு ஒரு பேரும் கேட்காது. பனி நாட்களில் நடை அவ்வளவு அமைதியாக இருக்கும், வெளியே யாராவது நின்று காத்திருந்தால் அவர்கள் மூச்சு விடுவது கூடக் கேட்டுவிடும்.