காலி என்று நினைத்த குப்பி

பத்து மைக்ரோகிராம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பொடி உப்புத் துகளைவிடக் குறைவு. குப்பியைத் தூக்கிப் பார்த்தால் காலி என்றே சத்தியம் செய்வீர்கள். லேபுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2005-ல் மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆராய்ச்சி லேபில் நான் டெக்னீஷியன். உப்புப் பாத்தியில் வளரும் பாசியின் சாறு வீக்கத்தைக் குறைக்குமா என்று எங்கள் மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முதலில் மனிதச் செல்களில் வீக்கத்தைக் கிளப்பிவிட வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற சைட்டோகைன். ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குத் தகவல் கொண்டுபோகும் புரதம். மனித ஜீனை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்து, உலர்த்தி அனுப்புவார்கள். ஆர்டர் போட்டால் வந்து சேர இரண்டு மாதம். ஆராய்ச்சி மாணவர் இளங்கோவின் கடைசிப் பரிசோதனை, பத்து மைக்ரோகிராம் கொண்ட அந்த ஒரு குப்பிக்காகக் காத்திருந்தது. அவருடைய ஃபெல்லோஷிப் முடிய மூன்று வாரம்தான் பாக்கி.

பாண்டி கூரியர் ஆபீஸில் வாங்கி, தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். எல்லைச் செக்போஸ்ட்டில் சரக்கு பாட்டில் சோதனை. ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் போலீஸ்காரர் நேரே என்னிடம் வந்தார்.

"என்னம்மா இது?"

"லேப் மருந்து சார்" என்றிருந்தால் விட்டிருப்பார். எனக்கு அப்போது வாய்க்கொழுப்பு. "ரீகாம்பினன்ட் ஹியூமன் டிஎன்எஃப் ஆல்ஃபா" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. பெட்டியைப் பிரித்து, குப்பியை எடுத்து, நான் தடுப்பதற்குள் மூடியைத் திருகி உள்ளங்கையில் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினார்.

"காலி பாட்டிலும்மா. இதுக்குப் போயி ஐஸா? எடுத்துட்டுப் போ."

மூடியைப் போட்டேன். குப்பி முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தது. கொட்டிவிட்டதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும் என்று நிஜமாகவே பயந்தேன்.

வாசலிலேயே நின்ற இளங்கோ கையை நீட்டினார். அவரிடம் கொடுக்காமல் மேடத்திடம் போய், என் வாய்க்கொழுப்பையும் சேர்த்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு, "மூடியில கொஞ்சம் ஒட்டியிருக்கும். சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி கீழ எறக்கு. கரைச்சி, கிருமி போக ஃபில்டர் பண்ணு. பழைய குப்பில எடுத்தது ஃப்ரீஸர்ல கொஞ்சம் இருக்குது இல்ல? ரெண்டையும் செல்லுல போட்டு கம்பேர் பண்ணிப் பாரு" என்றார்.

மறுநாள் பார்த்தோம். புதியதன் வேகம் பழையதில் பாதிதான். இரண்டு மடங்கு போட வேண்டும் என்று தெரிந்துகொண்டோம். குப்பியில் மிஞ்சியது ஒரே ஒரு தடவைக்குத்தான் போதுமாக இருந்தது. இளங்கோ ஒரு சொட்டுகூட வீணாக்காமல் செய்து முடித்தார். பரிசோதனை நன்றாகவே வந்தது.

அன்று சாயங்காலம் மேடம் என்னைக் கூப்பிட்டார். "நீ சொல்லலன்னா, சாறு போடாத கன்ட்ரோல் செல்லுலயே வீக்கம் சரியா வந்திருக்காது மேரி. இளங்கோ கையே சரியில்லன்னு நான் அவனத்தான் கிழிச்சிருப்பேன். அவனும் தன் கைமேலதான் தப்புன்னு நம்பியிருப்பான்."

அந்தத் திட்டை நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. லேபில் ஏதாவது கைதவறினால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். விழுகிற திட்டு நமக்கே விழட்டும்.